பேனா மூடு படலம்: பிராண்டிங் பேசுவோர் காணொளிக்குக் குடிபெயர்ந்தது குறித்து ஓர் ஆய்வு

பிராண்டிங் பற்றிப் பத்தி எழுதிக்கொண்டிருந்தவர்கள் திடீரென்று எழுத்தை நிறுத்திவிட்டு, கேமரா முன் உட்கார்ந்து, ‘வணக்கம் நண்பர்களே’ என்கிறார்கள். இந்தக் குடிபெயர்வுக்கு இதுவரை யாரும் இலக்கணம் வகுக்கவில்லை. அக்குறை தீர்க்க எழுந்தது இவ்வாய்வு.

முன்னோடி யார் என்பதில் அறிஞர் உலகம் இரண்டுபடலாம். எம் துணிபு எஸ்.எஸ். வாசன். விளம்பரத் தொழிலில் இருந்தவர், 1928-இல் ஆனந்த விகடனை வாங்கினார். பின்பு ஜெமினி ஸ்டுடியோ கண்டு, 1948-இல் ‘சந்திரலேகா’வை வெளியிட்டார். எழுத்திலிருந்து படத்துக்குப் போனவர் விளம்பரத்தையும் கையோடு கூட்டிப்போனார். ஆனால் முரசுகளின் மேல் ஆட்களை ஆடவிட்டாரே ஒழிய, தாமே ஏறி நின்று ‘பிராண்ட்னா என்ன தெரியுமா?’ என்று கேட்கவில்லை. ஆகவே அவரை முழு முன்னோடி என்னாது, அரை முன்னோடி என்க.

இக்காலத்தவர்க்குரிய நிலம், படுக்கையறையில் பீரோ தெரியாத மூலை. பொழுது, மிக்சி ஓய்ந்தபின் எதிர்வீட்டில் டைல்ஸ் அறுக்கத் தொடங்குமுன் வாய்க்கும் சிறுபொழுது. கருப்பொருள்: ரிங் லைட், காலர் மைக், முதுகு தெரிய அடுக்கிய ஆங்கிலப் புத்தகங்கள். தெய்வம், அல்காரிதம். உரிப்பொருளோ இரத்தலும் இரத்தல் நிமித்தமும். ‘சப்ஸ்கிரைப் பண்ணுங்க, பெல் பட்டனை அழுத்துங்க’ என வரும்.

இனி அளவு. யூடியூபில் ஏறிய முதல் காணொளி 2005 ஏப்ரல் 23-ஆம் நாளது. நீளம் 19 நொடி. அதை ஏற்றிய ஜாவேத் கரீம், சான் டியேகோ மிருகக்காட்சிசாலையில் நின்று, யானைக்குத் தும்பிக்கை நீளம் என்றார். வேறு சொல்ல ஒன்றுமில்லை என்று முடித்துக்கொண்டார். அம்மரபு அவரோடு அற்றது. எட்டு நிமிடமாவது ஓடினால்தான் நடுவே விளம்பரம் செருகலாம் என்பது தற்கால விதி. 2020 வரை அது பத்து நிமிடமாக இருந்தது. அவ்வாண்டின் நடுவில் எட்டாகக் குறைந்ததும் உலகச் சிந்தனை முழுவதும் இரண்டு நிமிடம் சுருங்கிற்று. எழுத்தில் நாலு வரிக்குத் தாங்கிய கருத்து இப்போது எட்டு நிமிடம் மூன்று நொடி ஓடுகிறது. முதல் நிமிடம், என்ன சொல்லப் போகிறேன் என்பதற்கு. கடைசி நிமிடம், அடுத்த வீடியோவில் என்ன சொல்லப் போகிறேன் என்பதற்கு.

நடுவில் நிகழ்வதே ஆய்வுக்குரியது. ‘லோகோ மட்டுமே பிராண்ட் அல்ல, கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதே பிராண்ட்’ என்பது இத்துறையின் மூத்த கருத்து. எழுத்தில் இதை நிறுவச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் வாசகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார். காணொளியில் கருப்பு டி-ஷர்ட் போதும். எம் மாமா ஒருவரிடம் களஆய்வு செய்தோம்.

“அந்தக் கருப்புச் சட்டைக்காரர் நல்லா பேசறாருப்பா.”

“என்ன பேசினார் மாமா?”

“அதான்… பிராண்டு பத்தி.”

“பிராண்டு பத்தி என்ன?”

“கையை ஆட்டி ஆட்டி அழகா சொல்றாரு.”

லோகோ முக்கியமல்ல என்று சொல்ல வந்தவர் தாமே லோகோ ஆகிவிட்டார். அடுத்த வாரம் நீலச் சட்டையில் வந்தால் மாமா கண்டுகொள்ள மாட்டார்.

இவ்வுண்மையை ஒரு பத்திகூட எழுதாமலே கண்டவர்கள் நம் கடைக்காரர்கள். வசந்த் அண்ட் கோ வசந்தகுமார் சிரித்த முகத்தோடு தம் விளம்பரத்தில் தாமே நின்றார். விலையைப் படம்பிடித்துப் போய் மற்ற கடைகளில் ஒப்பிட்டுப் பாருங்கள் என்று லலிதா ஜுவல்லரி கிரண்குமார் நேரில் வந்து சொன்னார். சரவணன் அருள் ஹன்சிகா, தமன்னாவோடு ஆடினார். 2022-இல் ‘தி லெஜண்ட்’ படத்தின் நாயகனாகவே வந்துவிட்டார். இம்மூவரும் பிராண்டிங் என்றால் என்ன என்று யாருக்கும் விளக்கியதாகத் தெரியவில்லை. ஜவுளியும் நகையும் ஃபிரிட்ஜும் விற்றார்கள். விளக்குபவருக்கு விற்க விளக்கம் ஒன்றுதான் இருக்கிறது. அதையும் முழுதாகக் கொடுத்துவிட்டால் அடுத்த வாரத்துக்குச் சரக்கில்லை.

எழுத்து முற்றிலும் ஒழிந்ததா எனின், இல்லை. காணொளிக்குக் கீழே ‘0:00 முன்னுரை, 1:10 பிராண்ட் என்றால் என்ன, 4:35 மூன்று தவறுகள்’ என நேரக்குறிப்போடு ஐந்தாறு வரி கிடக்கும். எட்டு நிமிடச் சரக்கும் அதில் அடக்கம். ஒலியை அணைத்துவிட்டு அதை மட்டும் படித்து வெளியேறும் ஒரு சிறு கூட்டம் உண்டு. அல்காரிதக் கணக்கில் நாங்கள் பாதியில் ஓடியவர்கள்.