முழங்காலில் மூன்று பேர்

போன வருஷம் பெங்களூரு ஆஸ்பத்திரி ஒன்றில், என் மகனைவிடவும் சின்னவரான எலும்பு டாக்டர், மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் முழங்காலை வைத்து, அதன் அடியில் இருந்த சாம்பல் நிறத் தட்டைப் பேனாவால் தட்டி, "அங்கிள், இது டைட்டானியம்னு ஒரு மெட்டல், லேசா இருக்கும், ஆனா ரொம்ப ஸ்ட்ராங்" என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னார். அந்த உலோகத்தோடு ஐந்து வருஷம் குடித்தனம் நடத்தி, சண்டை போட்டு, அதன் பேரில் தலையணை கனத்துக்கு ஓர் ஆய்வேடும் எழுதியவன் நான் என்பதைச் சொல்லிக்கொள்ளாமல், "அப்படியா டாக்டர்?" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். இருபத்தைந்து வயதில் யாராவது என்னிடம் இப்படிச் சொல்லியிருந்தால், சாக்பீஸ் எங்கே என்று கேட்டிருப்பேன்.

அந்த இருபத்தைந்து வயதுக்காரன் 1977ல் சேலத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு பெங்களூரில் வந்து இறங்கினான். அவன் சேரவந்த இடத்தின் பெயர் காகிதத்தில் இந்திய அறிவியல் கழகம். பஸ் கண்டக்டருக்கோ அது என்றைக்கும் "டாட்டா இன்ஸ்டிட்யூட்". 1909ல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு மைசூர் மகாராஜா கொடுத்த 371 ஏக்கரில், மரங்களுக்கு நடுவே எனக்கும் விடுதியில் ஓர் அறை இருந்தது. ஆனாலும் நான் வாழ்ந்ததென்னவோ மல்லேஸ்வரத்தில், 'வட்டாரா' என்று கன்னடக்காரர்கள் சொல்கிற, நம்மூர் ஒண்டுக்குடித்தன வரிசை ஒன்றின் கடைசி அறையில்தான். அங்கே இரண்டு நண்பர்கள் வாடகைக்கு இருந்தார்கள். நான் வாடகை தராமல் இருந்தேன். ஒருவன் நாகர்கோவில் பக்கத்துக்காரன், நிலவியல் படித்தவன். இன்னொருவன் அலசூர்த் தமிழன், மருத்துவக் கல்லூரி மாணவன்; வீட்டில் தம்பி தங்கைகள் சத்தத்தில் படிக்க முடியவில்லை என்று அறை எடுத்தவன், இங்கே எங்கள் சத்தத்தில் படிக்காமல் இருந்தான்.

அந்த அறையில் ஒரு கட்டிலுக்கு அடியில் கற்கள், இன்னொன்றுக்கு அடியில் படிப்புக்காக வாங்கிய மனித எலும்புகள், ஜன்னல் திண்டில் நான் அறுத்துக் கொண்டுவந்த உலோகத் துண்டுகள். ஒருநாள் வாடகை கேட்க வந்த வீட்டுக்கார அம்மா, கோணிப்பையிலிருந்து எட்டிப் பார்த்த ஒரு தொடை எலும்பைக் கண்டு வாசற்படியிலேயே நின்று, "ஏனப்பா, இது மனேனோ ஸ்மசானானோ?" என்று கேட்டார். வீடா மயானமா என்ற அந்தக் கேள்விக்கு எங்கள் மூவரிடமும் மூன்று விதமான பதில் இருந்தது. அந்த மாத வாடகைக்கு மட்டும் பதில் இருக்கவில்லை.

ராத்திரி ஆனால் சண்டை ஆரம்பிக்கும். எந்தப் படிப்பு பெரிய படிப்பு என்பதுதான் விஷயம். "மனுஷனே இல்லேன்னா உங்க கல்லும் கம்பியும் யாருக்குடா?" என்பான் டாக்டர். "முன்னூறு கோடி வருஷமா கல்லு உங்கிட்ட கேட்டுக்கிட்டா கெடந்துது மக்கா?" என்பான் கல்லுக்காரன். உன் கையில் சுத்தியலும் அவன் கையில் கத்தியும் கொடுத்தது எவன் என்று நான் இருவர் மீதும் ஒரே சமயத்தில் பாய்வேன். உங்கள் வீட்டு மொட்டை மாடியிலும் இப்படி ஒரு சண்டை நடந்திருக்கும்; விஷயம் கமலா ரஜினியா என்று இருந்திருக்கலாம், சத்தம் இதே சத்தம்தான். தொண்டை வறண்டதும் கீழே இறங்கிப்போய் காப்பி. ஒரு காப்பியை இரண்டு டம்ளரில் பகிர்ந்து தருவதற்குப் பெங்களூரில் 'பை டூ' என்று பெயர். நாங்கள் மூன்று பேர், கையில் இருப்பது இரண்டு காப்பிக்கான காசு. ஆகவே எங்கள் கணக்கு 'டூ பை த்ரீ'. சர்வர் முனகாமல் ஊற்றித் தருவார். அந்தப் பின்னத்தில் இருந்த ருசி பிறகு முழு எண்களில் எனக்குக் கிடைக்கவில்லை.

என் ஆய்வு டைட்டானியக் கலவையைப் பற்றியது. ஆறு சதவீதம் அலுமினியம், நான்கு சதவீதம் வனேடியம் சேர்த்த அந்தக் கலவை விமானத்துக்கானது என்பதால், நானே பாதி விமானி என்ற நினைப்பில் நடந்துகொண்டிருந்தேன். உண்மையில் நான் செய்துகொண்டிருந்த வேலை தேய்ப்பது. எமரித் தாளில் முரட்டிலிருந்து நைசுவரை வரிசையாகத் தேய்த்து, பிறகு அலுமினாத் தூளில் கண்ணாடிபோல் மெருகேற்றி, அமிலத்தில் ஒரு கணம் காட்டி எடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் உலோகத்துக்குள் இருக்கும் மணிகள் வரப்பு வெட்டிய வயல்போல் விரியும். அதைப் படம் பிடித்து, இருட்டறையில் கழுவி, பென்சிலால் ஒவ்வொரு மணியாக எண்ணுவேன். இன்றைக்குக் கணினி கண்மூடித் திறப்பதற்குள் எண்ணிவிடுகிறது. நான் மூன்று மாதம் எண்ணினேன். கணினியின் எண்ணிக்கை சரியாக இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விரல் நுனிகள் கறுப்பாவதில்லை, ராத்திரி கனவில் மணிகள் வருவதுமில்லை.

என் ஜென்ம விரோதி ஆக்சிஜன். டைட்டானியம் சூட்டில் ஆக்சிஜனைப் பார்த்தால் விடாது. குடித்துக் குடித்துத் தோல் தடித்து, மண்சட்டிபோல் நொறுங்கும். அதனால் காற்றை உறிஞ்சி மூடிய சிலிக்காக் குழாய்க்குள் வைத்துத்தான் சூடேற்ற வேண்டும். ஒரு ராத்திரி உலைக்குக் காவல் இருக்கவேண்டிய நான் பெஞ்சில் தூங்கிவிட, விடியற்காலையில் குழாய் விரிசல் விட்டு, ஆறு வாரத்து உழைப்பு செதில் செதிலாகக் கிடந்தது. அன்று அறையில் உட்கார்ந்து ஆக்சிஜனைத் திட்டினேன். "அதைத் திட்டுறதுக்கும் அதைத்தான் மூச்சா இழுக்கிறே" என்றான் டாக்டர். ஒரு வாரம் அவனோடு பேசவில்லை.

கல்லுக்காரனின் வேலையும் தேய்ப்புதான். பாறையை வில்லையாக அறுத்துக் கண்ணாடியில் ஒட்டி, 0.03 மில்லிமீட்டர் கனத்துக்கு வரும்வரை கையாலேயே தேய்ப்பான். அளவுகோல் கிடையாது. முனைவாக்க நுண்ணோக்கியில் குவார்ட்ஸ் வெளிர்சாம்பலாகத் தெரிந்தால் கனம் சரி. இன்னும் மஞ்சளடித்தால் தேய். ஒன்றுமே தெரியவில்லை என்றால் பாறை போய்விட்டது, இனி அழு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களை லால்பாக்குக்கு இழுத்துப் போவான். மற்றவர்கள் பூப் பார்க்க, நாங்கள் பாறை பார்ப்போம். கெம்பேகவுடா கோபுரம் நிற்கும் அந்தப் பாறை சுமார் 300 கோடி வருஷம் பழையது, தீபகற்ப நைஸ் என்று அதற்குப் பெயர். அதன் மேல் செருப்போடு ஏறினால் கோவில் பிராகாரத்தில் ஏறியதுபோல் முறைப்பான். ஊரிலிருந்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கறுப்பு மணலை ஹார்லிக்ஸ் பாட்டிலில் கொண்டுவந்து வைத்திருந்தான். மேற்கு மலையின் பாறைகள் கரைந்து, ஆறு கொண்டுபோய்க் கடலில் போட, கடல் புடைத்துக் கரையில் ஒதுக்கிய கனமான மணல். 1909ல் ஷாம்பெர்க் என்ற ஜெர்மானியர், அந்தப் பக்கத்திலிருந்து போன தேங்காய் நாரில் ஒட்டியிருந்த மணலில்தான் மோனசைட் என்ற கனிமத்தைக் கண்டுகொண்டார் என்று நூறு தடவை சொல்லியிருப்பான். "கறுப்பா இருக்கே, அதுதான் இல்மனைட்டு. இரும்பும் உன் டைட்டானியமும் சேர்ந்தது. நீ தேய்க்கிறது எங்க ஊரு மண்ணுல!" என்பான். என் உலோகம் ஏதோ ஆகாயத்திலிருந்து வந்ததுபோல் நடந்துகொண்டிருந்த எனக்கு அது அவமானமாக இருந்தது.

கணக்குப் போட ஐபிஎம் 360 இருந்தது. அட்டைகளில் துளையிட்டு, ரப்பர் பேண்ட் போட்டு, வரிசையில் நின்று கொடுத்துவிட்டு வந்தால், மறுநாள் மடிப்பு மடிப்பான காகிதத்தில், ஒரு கமா விட்டுப்போயிற்று என்று பதில் வரும். இப்போது பேரன் போனிடம் கேட்ட கேள்விக்கு இரண்டு வினாடியில் பதில் வராவிட்டால் "ஸ்லோ" என்கிறான். அந்த ஒரு ராத்திரிக் காத்திருப்பில் நான் நோபல் பரிசு ஏற்புரைகூடத் தயாரித்திருக்கிறேன். என் முதல் கட்டுரை வெளியானபோது பிரதி கேட்டு வந்த அஞ்சலட்டைகள் பதினொன்று. செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஒன்று, கிழக்கு ஜெர்மனியிலிருந்து இரண்டு. அந்தத் தேசங்களே இப்போது இல்லை. தபால்தலைகளை உரித்துக்கொண்ட வீட்டுக்கார அம்மாவின் மகனிடம் ஒருவேளை இன்னும் இருக்கலாம். இன்று கட்டுரையைப் படிப்பவர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். எண்ணிக்கையில் தபால்தலை ஒட்டியிருப்பதில்லை.

அந்த நாட்களில் தேநீருக்குப் போகும் வழியில் ஒரு துறையைத் தாண்டிப் போவோம். மூலக்கூறு உயிரியற்பியல், ஜி. என். ராமச்சந்திரன் 1971ல் சென்னையிலிருந்து வந்து கட்டிய துறை. சென்னையில் இருந்தபோது, 1954ல், கோபிநாத் கார்த்தாவோடு சேர்ந்து, கங்காரு வாலின் தசைநாணை எக்ஸ்ரேயில் ஆராய்ந்து, கொலாஜன் மூன்று இழை முறுக்கிய கயிறு என்று சொன்னவர். பெரிய மனிதர் என்று தெரியும். நமக்கும் அதற்கும் என்ன என்று தாண்டிப் போய்விடுவேன். அவரும் லட்சுமிநாராயணனும் 1971ல் எழுதிய ஒரு கட்டுரை, உடம்பைச் சுற்றி எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளே இருப்பதைத் திரும்பக் கட்டியெழுப்பும் கணக்கைச் சுருக்கமாக்கியது. நிழல்களை அப்படியே கூட்டினால் உருவம் மண்டிக் காப்பிபோல் கலங்கிவிடும். ஒவ்வொன்றையும் முதலில் வடிகட்டிவிட்டுக் கூட்டினால் டிகாக்ஷன்போல் தெளியும். அந்த வடிகட்டும் வழிதான் சி.டி. ஸ்கேன் இயந்திரங்களுக்குப் பல்லாண்டு அடிப்படையாக இருந்தது. ரோபோ துணையோடு முழங்கால் மாற்றப்போகிறோம், முதலில் காலை ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று என்னை அந்த வளையத்துக்குள் அனுப்பியபோதுதான், நாற்பது வருஷத்துக்கு முன் தாண்டிப் போன வாசலுக்குள் காலை நீட்டிப் படுத்திருக்கிறேன் என்று உறைத்தது.

எங்கள் நிறுவனத்துக்காக டாட்டாவின் ஆட்கள் 1898ன் கடைசியில், வைஸ்ராயாக வந்திறங்கிய கர்சனிடம் கொடுத்த முதல் திட்டத்தில் மருத்துவத்துக்கும் இடம் இருந்தது. அது வந்து சேர ஒரு நூற்றாண்டுக்கும் மேல் ஆயிற்று. 2022ல் 425 கோடி ரூபாய் நன்கொடையோடு, 800 படுக்கை மருத்துவமனையும் மருத்துவப் பள்ளியும் அதே வளாகத்தில் என்று அறிவித்தார்கள். எங்கள் உலோகவியல் துறை இப்போது பொருள் பொறியியல் துறை. புவி அறிவியலுக்குத் தனி மையம் உண்டு. மூன்றும் ஒரே மதிலுக்குள் வந்தாயிற்று. துறைகளை இணைக்கவேண்டும் என்று கருத்தரங்கம் நடத்துகிறார்கள். அந்தக் காலத்தில் எங்களை இணைத்தது வாடகைப் பாக்கி.

அறுவை முடிந்தது. தொடை எலும்பின் முனையில் கோபால்ட் குரோமியத் தொப்பி, கீழ்க்கால் எலும்பின் தலையில் டைட்டானியத் தட்டு, நடுவே பாலிஎத்திலீன். உடம்பு அந்த டைட்டானியத்தை ஏன் ஏற்றுக்கொள்கிறது என்று படுத்தபடியே யோசித்தேன். உடல் சூட்டில் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு தோல் ஒன்று படிந்து, உலோகத்தையும் உடம்பையும் சண்டையில்லாமல் வைத்திருக்கிறது. நான் ஐந்து வருஷம் திட்டிய அதே ஆக்சிஜன். மன்னிப்புக் கேட்கும் நிலையில் நான் இல்லை. மூக்கில் குழாய் வைத்து அதையே ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

கால் தேறியதும் கல்லுக்காரனோடு லால்பாக் பாறையில் ஏறினேன், கம்பியைப் பிடித்துக்கொண்டு, செருப்போடு; இந்த முறை அவன் முறைக்கவில்லை, அவனும் செருப்போடுதான் இருந்தான். "இருபது வருஷம் வரும்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றேன். முன்னூறு கோடி வருஷத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, "பரவால்லியே" என்றான். பிறகு என் முழங்காலைத் தட்டி, "எங்க ஊரு மண்ணு, பாத்துக்கோ மக்கா" என்றான்.

இறங்கிவந்து ஓட்டலில் உட்கார்ந்ததும் வாய் பழக்கத்தில் "டூ பை த்ரீ" என்றுவிட்டேன். சர்வர் பையன் முழித்துவிட்டு, ஒரு வழியாகப் புரிந்துகொண்டு, மூன்று டம்ளரோடு வந்தான். மூன்றாவதன் மேல் போனைச் சாய்த்து, பர்மிங்காமில் இருக்கும் டாக்டரை வீடியோவில் கூப்பிட்டோம். பாறையில் ஏறியதற்கு இரண்டு பேருக்கும் திட்டு விழுந்தது. மனுஷனே இல்லேன்னா என்று அவன் ஆரம்பிக்க, கல்லு கேட்டுக்கிட்டா கெடந்துது என்று இவன் பாய, நான் சுத்தியலை எடுக்க, அடுத்த மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சட்டென்று போனுக்குள்ளிருந்து, தனக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பது தெரிந்தவன்போல் அவன் சொன்னான்: "ஆறிடப் போவுது, குடிங்கடா."

பாதிப் பாதியாகக் குடித்தோம்.