ஃபார்ஸ்டரின் பொறுமை

எழுதி முடித்த நாவலை 56 ஆண்டுகள் அச்சுக்குக் கொடுக்காமல் வைத்திருக்க எவ்வளவு பொறுமை வேண்டும்! இ. எம். ஃபார்ஸ்டரை அதற்காகவே புகழ வந்திருக்கிறேன். இரண்டு ஆண்களின் காதலைச் சொல்லும் 'மாரிஸ்' நாவலை அவர் 1914இல் முடித்தார். 1970இல், 91 வயதில் இறந்தார். புத்தகம் 1971இல்தான் வந்தது.

மன உறுதியிலும் குறை சொல்ல முடியாது. மாரிஸும் வேட்டைக் காவலாள் அலெக்கும் பிரியாமல் வாழவேண்டும் என்பதில் அவர் கடைசிவரை இறங்கிவரவில்லை. தூக்குக் கயிற்றில் முடித்திருந்தால் வெளியிடுவது எளிதாக இருந்திருக்கும் என்று 1960இல் அவரே எழுதினார். அந்த மகிழ்ச்சியான முடிவைப் படிக்கும் பேறு நெருங்கிய நண்பர்களுக்குக் கிடைத்தது. இளம் எழுத்தாளர் கிறிஸ்டோபர் இஷர்வுட் 1933இல் படித்தார். நாட்டைவிட நண்பனே பெரிது என்று 1938இல் கட்டுரை எழுதியவர் அல்லவா? சொன்னபடியே நடந்தார். நண்பர்களுக்கு நாவல் கிடைத்தது, நாட்டுக்கு மௌனம் கிடைத்தது.

அவருடைய முன்யோசனைக்குக் காரணம் இருந்தது. ஆஸ்கார் வைல்டுக்கு இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்ட 1895இல் ஃபார்ஸ்டருக்கு வயது 16. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய அதே சட்டம் 1952இல் ஆலன் டூரிங்கையும் குற்றவாளி ஆக்கியது. அந்தப் பயத்தை நான் சிறிதாக எண்ணவில்லை. வீட்டில் தாயும் இருந்தார். அம்மாவின் மனம் நோகக்கூடாது என்று நினைத்த நல்ல மகன் அவர். தாய் 1945இல் காலமானார். அதற்குப் பின் இன்னும் 25 ஆண்டுகள் மகன் அந்தப் பிரதியை வெளியிடவில்லை.

பிறருடைய புத்தகம் என்றால் அவருக்கு எங்கிருந்தோ துணிச்சல் வந்துவிடும். பெண்களுக்கிடையிலான காதலை எழுதிய ராட்கிளிஃப் ஹாலின் 'தி வெல் ஆஃப் லோன்லினஸ்' நாவல் 1928இல் தணிக்கைக்கு இலக்கானபோது, வர்ஜீனியா உல்ஃபுடன் சேர்ந்து பகிரங்கக் கடிதம் எழுதினார். 'லேடி சாட்டர்லியின் காதலன்' வழக்கில் 1960இல், 81 வயதில், சாட்சிக் கூண்டில் ஏறினார். அவ்வளவு நேர்மையாகப் பேசத் தெரிந்தவர் தன் நாவலுக்காக மட்டும் ஒரு சொல்லும் பேசாமல் இருந்திருக்கிறார்.

இளையவர்களுக்கு வழிவிட்ட பெருந்தன்மையையும் சொல்லியாகவேண்டும். மேரி ரெனால்ட் 1953இல் 'தி சாரியட்டீர்' நாவலை லண்டனில் வெளியிட்டார். பீட்டர் வைல்ட்பிளட் என்ற பத்திரிகையாளர் இதே 'குற்றத்துக்காக' 1954இல் சிறைக்குப் போனார். வெளியே வந்ததும், தான் யார் என்பதைச் சொந்தப் பெயரில் 1955இல் புத்தகமாகவே எழுதினார். ஜேம்ஸ் பால்ட்வினின் 'ஜியோவனிஸ் ரூம்' 1956இல் வந்தது. இழப்பதற்கு நிறைய இருந்தவர்கள் முன்னால் நடந்தார்கள். இங்கிலாந்தே மதித்த மூத்தவர் ஒதுங்கி நின்று பார்த்தார்.

சட்டம் 1967இல் தளர்ந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 21 வயது கடந்த இரு ஆண்கள் தனிமையில் சேர்ந்திருப்பது குற்றமில்லை என்றானது. அப்போதும் அவர் அவசரப்படவில்லை. 1969இல் அரசி ஆர்டர் ஆஃப் மெரிட் விருது கொடுத்தார்.

மனிதர்களை அவர் எவ்வளவு நுட்பமாக அறிந்தவர் என்பதற்கு அதே நாவலில் வரும் கிளைவ் சாட்சி. மாரிஸை முதலில் காதலித்தவன் கிளைவ். பிறகு விலகி, கல்யாணம் செய்துகொண்டு, அரசியல், எஸ்டேட் என்று மரியாதையாக வாழ்கிறான். அந்த எச்சரிக்கைக்காரனிடம் ஃபார்ஸ்டர் துளி இரக்கமும் காட்டவில்லை. இவ்வளவு தெளிவாக அவனைப் பார்க்க வேறு யாரால் முடிந்திருக்கும்?

நாவல் முடிந்த சில வாரங்களில் முதல் உலகப்போர் தொடங்கியது. தனக்கும் ஒரு நல்ல முடிவு உண்டு என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று 1914இல் ஏங்கிய 20 வயது இங்கிலாந்து இளைஞன் ஒருவன் அந்தப் போரிலிருந்து உயிரோடு திரும்பியிருந்தால், 'மாரிஸ்' கடைக்கு வந்தபோது அவனுக்கு வயது 77.