பெரட்டுக்களம்: கேள்வி–பதில்

கேள்வி: லயத்துப் பிள்ளைகளுக்கு மூளை கட்டை என்கிறார் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர். உண்மையா ஐயா? (வாசகி, மஸ்கெலியா)

பதில்: கட்டையாக இருப்பது மூளையல்ல அம்மா, உயரம். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார அளவீட்டில், ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளைகள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17, தோட்டங்களில் 32. வெறும் தேத்தண்ணியோடு மலையேறி வந்த பிள்ளை பத்து மணிக்குக் கரும்பலகையைத்தான் பார்க்கும். அதற்குத் தெரிவது ரொட்டி. பெரியவரை ஒரு நாள் பசியோடு உட்காரவைத்துப் பதினேழாம் வாய்பாடு கேளுங்கள்.

கேள்வி: மகனுக்குக் கணக்கில் 12 புள்ளி. ராசிக்கல் மோதிரம் போட்டால் சரியாகுமா? (வாசகர், பொகவந்தலாவை)

பதில்: கரும்பலகையைப் பார்த்து எழுதுகிறானா, பக்கத்துப் பையனின் கொப்பியைப் பார்த்து எழுதுகிறானா என்று முதலில் கேளுங்கள். இரண்டாவது என்றால் கண் டொக்டரிடம் போங்கள். கல் வாங்கும் காசுக்குக் கண்ணாடி வாங்கலாம்.

கேள்வி: காம்பராவில் படிக்க இடமில்லை. என்னதான் செய்வது? (உயர்தர மாணவி, கொட்டகலை)

பதில்: பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதற்குள் கட்டில், டிவி, ஈரத் துணி, தாத்தாவின் இருமல். பழைய லயங்களில் நடுச்சுவர் பெயருக்குத்தான். அடுத்த வீட்டு நாடகத்தில் மருமகள் அழுதால் உன் இரசாயனவியல் நனைகிறது. 'விடியக்காலை நாலு மணிக்கு எழுந்து படி' என்பார்கள். அம்மா அடுப்பு மூட்டும் நேரமும் அதுதான். புகைக்குள் சமன்பாடு தெரியாது. நான் கேட்பது ஒன்றுதான்: பாடசாலையில் ஒரே ஒரு வகுப்பறையை மாலை ஏழு மணிவரை விளக்குப் போட்டுத் திறந்து வையுங்கள், பெற்றோர் இரண்டு பேர் முறைவைத்துக் காவலிருக்கட்டும். கட்டடம் அங்கேயேதான் நிற்கிறது. சாவிதான் இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிறது.

கேள்வி: இலவசக் கல்வி 1945இலேயே வந்ததே, நாம் ஏன் பின்னால் நிற்கிறோம்? (வாசகர், ஹட்டன்)

பதில்: வந்தது, தோட்டத்து கேட்டோடு நின்றுகொண்டது. உள்ளே இருந்த பள்ளிக்கூடம் தோட்டத் துரையுடையது: ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார், ஐந்து வகுப்பு. 1948இல் குடியுரிமை போனது, அடுத்த வருஷம் வாக்கும் போனது. வாக்கில்லாத அப்பாவின் பிள்ளைக்குப் பாராளுமன்றத்தில் யார் பள்ளிக்கூடம் கேட்பது? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது 1970களில். முப்பது வருஷம் கழித்துப் புறப்பட்ட பஸ்ஸைப் பார்த்து, டிரைவர் சரியில்லை என்கிறார்கள்.

கேள்வி: ஆசிரியர் உதவியாளர்களுக்கு அக்கறையில்லை என்கிறார் என் கணவர். (வாசகி, நோர்வூட்)

பதில்: அவர்களைத் தோட்டப் பாடசாலைகளுக்கு மாதம் 6,000 ரூபா கொடுப்பனவோடு அனுப்பினார்கள், பிறகு மனமிரங்கி 10,000 ஆக்கினார்கள். பஸ் காசு போக மிஞ்சியதுதான் அந்த அக்கறை.

கேள்வி: நுவரெலியா மாவட்டக் கோட்டா நமக்கு லாபம்தானே? (வாசகர், நானுஓயா)

பதில்: தாளில் லாபம். பல்கலைக்கழகப் பாடநெறிகளில் பெரும்பாலானவற்றில் 40 வீத இடம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்கு, மிச்சம் 5 வீதம் நம்மைப் போன்ற பின்தங்கிய மாவட்டங்களுக்கு. ஆனால் வைத்தியபீடத்துக்குப் போக முதலில் உயிரியல் படிக்க வேண்டும். உயிரியல் படிக்க ஆசிரியர் வேண்டும். அவர் தங்க ஓர் அறை வேண்டும். இலை போட்டாயிற்று, சோறு ஆக்க ஆளில்லை. வெளிமாவட்டக்காரர் இங்கே வந்து பரீட்சை எழுதி இடத்தைப் பிடிக்கிறார் என்பது பழைய முறைப்பாடு. நியாயமான கோபம்தான். ஆனால் அவரைத் திருப்பி அனுப்பினாலும் நம் பிள்ளைக்குப் பௌதிகவியல் தானாக வராது.

கேள்வி: புலமைப்பரிசிலில் வெட்டுப்புள்ளிக்கு மூன்று புள்ளி குறைவு. அம்மா அழுகிறார். நான் என்ன செய்ய? (தரம் 5, தலவாக்கலை)

பதில்: அம்மாவுக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடு. வறிய பிள்ளைகளை நல்ல பள்ளிக்கூடங்களுக்கு எடுக்கவென்று, இலவசக் கல்வி கொண்டுவந்த அமைச்சர் கன்னங்கரா காலத்தில் தொடங்கிய பரீட்சை இது. இப்போது அம்மாமார் எழுதுகிறார்கள். மூன்று புள்ளி குறைந்தது அவருக்குத்தான். உனக்குச் சாதாரண தரம் வர ஆறு வருஷம் இருக்கிறது. ஓடிப்போய் விளையாடு, மழை வருவதற்குள்.