ஒரே வீடு, இரண்டு மீட்டர்

கேள்வி: மத நம்பிக்கையும் அறிவியலும் ஒரே மண்டைக்குள் குடியிருக்க முடியுமா?

பதில்: தனித்தனி மீட்டர் மாட்டிவிட்டால் முடியும்! பெல்ஜியத்தில் ஜார்ஜ் லெமெத்ர் என்று ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-ல் கணக்குப் போட்டுச் சொன்னார். ஐன்ஸ்டைனே அப்போது ஏற்கவில்லை. பிறகு, எல்லாம் ஓர் ‘ஆதி அணு’விலிருந்து கிளம்பியது என்றார். பெருவெடிப்புக் கொள்கையின் விதை அதுதான்.

1951-ல் போப் பன்னிரண்டாம் பயஸுக்கு ஏக குஷி. படைப்புக்கு அறிவியலே சாட்சி என்கிற தோரணையில் பேசிவிட்டார். சங்கடப்பட்டது யார் தெரியுமா? நம் பாதிரியார்தான்! நாளைக்கே கணக்கு மாறினால் கடவுளையும் மாற்றுவதா என்று கவலைப்பட்டிருப்பார் (இது என் யூகம்). தன் கொள்கைக்கும் மதத்துக்கும் சம்பந்தமில்லை என்பதே அவர் கட்சி. அதற்காக அங்கியையும் கழற்றவில்லை. 1966-ல் பாதிரியாராகவே கண்மூடினார்.