50 பவுனுக்கு ஒரு பெயர்

1801 ஜனவரி 1. புத்தாண்டு இரவிலும் லீவு போடாத பியாசி பாதிரியார், சிசிலியின் பலெர்மோ நகரில் முதல் சிறுகோளைப் பிடித்தார். தீவைக் காக்கும் தானிய தேவதை செரஸ்; பாதிரியாருக்குப் படியளக்கும் மன்னர் ஃபெர்டினாண்ட். இரண்டு பேர் மனமும் கோணக் கூடாதே என்று ‘செரஸ் ஃபெர்டினாண்டியா’ எனப் பெயர் வைத்தார். மற்ற நாட்டார் தேவதையை வைத்துக்கொண்டு மன்னரைக் கழற்றிவிட்டார்கள்.

தொலைநோக்கிகள் பெருகப் பெருக, தேவதைகள் கையிருப்பு குறைந்தது. 1857-ல் பிரெஞ்சுப் பேரரசி யூஜெனியே வானத்தில் ஏறிவிட்டார்.

வியன்னாவின் யோஹான் பலீசா கண்ணால் தேடியே 122 சிறுகோள்களைக் கண்டுபிடித்தவர். அத்தனை பிள்ளை பெற்றவர் பெயருக்கு எங்கே போவார்? 1884-ல் ஒன்றுக்கு நம் சீதையின் பெயரைச் சூட்டினார். மறுவருடம், சூரிய கிரகணம் பார்க்கப் பயணச் செலவுக்குப் பணம் வேண்டியிருந்தது. பெயர் வைக்கும் உரிமை 50 பவுன் என்று விளம்பரமே கொடுத்தார். நகைக்கடைப் பவுன் அல்ல, இங்கிலாந்துப் பணம். கோடீஸ்வரர் ஆல்பெர்ட் ராத்சைல்ட் வாங்கி, மனைவி பெயரை வைத்தார்: 250-ம் எண், பெட்டினா.

பலீசா நன்றி மறக்கவில்லை. 1911-ல் கண்ட ஒன்றுக்கு ஆல்பெர்ட் என்றே பெயரிட்டார். அதுவோ கண்ணில் பட்ட கையோடு தொலைந்துபோனது. பெட்டினா ஒழுங்காகச் சுற்றிக்கொண்டிருக்க, ஆல்பெர்ட் அகப்பட்டது 2000-ல். 89 வருஷம் வீடு திரும்பாத கணவர்!

ஜெர்மனியின் மாக்ஸ் வோல்ஃப் காசு கேட்கவில்லை. 1902-ல் கண்ட இரண்டுக்குத் தன் நாய்கள் பீட்டர், செப் இருவரின் பெயரையும் வைத்தார். சிறுகோள் என்றால் பெரும்பாலும் பெண் பெயர்தான் என்பது அன்றைய வழக்கம். எனவே நாய்கள் பெட்ரீனா, செப்பீனா ஆயின.

1971-ல் கிடைத்த 2309-ம் எண் சிறுகோளுக்கு ‘மிஸ்டர் ஸ்பாக்’ என்று பெயர். தொலைக்காட்சித் தொடரின் ஸ்பாக் அல்ல, கண்டுபிடித்தவர் வீட்டுப் பூனை. அதன்பிறகுதான் சர்வதேச வானியல் ஒன்றியம் விழித்துக்கொண்டு, செல்லப்பிராணிப் பெயர்கள் வேண்டாமே என்றது.

இப்போது பெயர் விற்பனைக்கு இல்லை. கண்டுபிடித்தவர் 10 வருடத்துக்குள் பெயரை முன்மொழியலாம். 16 எழுத்துக்குள் அடங்க வேண்டும். அரசியல்வாதிகளும் படைத்தளபதிகளும் இறந்து 100 வருஷம் காத்திருக்க வேண்டும்.

நாய்களும் பூனையும் மட்டும் முன்பே இடம் பிடித்துவிட்டன.