பழசாக்கித் தரப்படும்

புதுக்கோட்டைப் பக்கம் இப்போது ஒரு சுவருக்காவது ‘டெக்ஸ்சர்’ அடிக்காமல் யாரும் பால் காய்ச்சுவதில்லை. பெரும்பாலும் டிவிக்குப் பின்னால் இருக்கிற சுவர். பெயின்டர் பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, ஸ்பாஞ்சில் சாயம் தொட்டு ஒற்றி ஒற்றி எடுப்பார். கூடக் கொஞ்சம் கொடுத்தால், காரை பெயர்ந்த மாதிரியே செய்து தருவார். தாத்தா வீட்டில் அது தானாகவே பெயர்ந்தது. காலண்டர் மாட்டி மறைத்தோம். இப்போது அதற்கே சதுர அடிக் கணக்கில் பில்.

நிஜமாகவே பழசானது வேண்டுமென்றால் சித்தன்னவாசல் இருக்கிறது. குடைவரைக் கோயிலின் பாறையில் சுண்ணாம்புச் சாந்து பூசி, 9ஆம் நூற்றாண்டில் தீட்டிய தாமரைக் குளம்: மீன், வாத்து, யானை, பூப்பறிக்கும் ஆட்கள். அத்தனையும் விதானத்தில், ஃபால்ஸ் சீலிங் கிடையாது. நம் பெயின்ட் டப்பாக்களோ பத்து வருஷ வாரண்டிக்கே ஆயிரம் நிபந்தனை போடுகின்றன.

கோயிலைப் புதுப்பித்தவர் மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் என்று கல்வெட்டு சொல்கிறது. தீட்டியவர்களின் பெயர் எங்கும் இல்லை. பார்க்கப் போனவர்களில் சிலர்தான் தங்கள் பெயரைக் கீறிவிட்டு வந்தார்கள். கை அரிக்கிறவர்கள் தயவுசெய்து வீட்டிலேயே கீறிக்கொள்ளுங்கள். டெக்ஸ்சர் சுவரில் வித்தியாசம் தெரியாது.