மூலை வராத பிரதட்சணம்

எங்கள் வீட்டு மொட்டை மாடி ஒழுகுகிறது. மூன்று ஐப்பசியாக ஒழுகுகிறது. போகப் போக நான் வேறு எதையெதையோ பேசப்போகிறேன் என்பதால் இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் மரியாதை. கொத்தனாரைக் கூட்டி வருகிறேன் என்று வாக்குக் கொடுத்த ஞாயிற்றுக்கிழமைகள் அத்தனையிலும் நான் ஏதாவது ஒரு கோயிலில் தூணுக்கடியில் அண்ணாந்து நின்றுகொண்டிருந்தேன்.

வியாதி தொற்றிய இடம் பாடி, திருவலிதாயம். ஜாதகத்தில் குரு சரியில்லை என்றார்கள். குருப்பெயர்ச்சியன்று கொண்டைக்கடலை மாலையும் கையுமாக வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் சந்நிதியைப் பார்க்காமல் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். இங்கேயும் ஒழுகுகிறதோ என்று நானும் பார்த்தேன். “போதிகையைப் பாருங்க சார்” என்றார். எனக்குத் தெரிந்த பொதிகை தூர்தர்ஷனில் வந்ததுதான். தூணின் தலைக்கும் மேலே கிடக்கும் உத்திரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் கை நீட்டித் தாங்குகிற கல்லுக்குத்தான் போதிகை என்று பெயர் என்பதை, வரிசை இரண்டடி நகர்வதற்குள் விளக்கிவிட்டார். குரு பார்க்கக் கோடி நன்மை என்பார்கள். எனக்குக் குரு வரிசையிலேயே கிடைத்துவிட்டார். நன்மை இன்னும் வரவேண்டியிருக்கிறது, கழுத்துவலி வந்துவிட்டது.

அவர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர். ஏற்கெனவே அவருக்கு இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். ஒருவர் ஆவடி டேங்க் ஃபேக்டரியில் முப்பது வருஷம் அளவு பார்த்தவர். எந்தத் தூணைக் கண்டாலும் பையிலிருந்து டேப்பை எடுப்பார். இன்னொருவர் பூந்தமல்லிப் பல் டாக்டர். யாளியைக் கண்டால் முதலில் அதன் கடைவாயைப் பார்ப்பார். நாலாவதாக, அம்பத்தூர் எஸ்டேட்டில் கணக்கு எழுதும் நான். எங்களுக்கு என் மனைவி வைத்த பெயர் ‘தூண் பார்ட்டி’.

இந்த வியாதிக்கு மூல காரணம் ஒரு பிரெஞ்சுக்காரர். பாண்டிச்சேரியில் வாத்தியாராக இருந்த ழூவோ துப்ரேய். கல்வெட்டு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, கல் செதுக்கிய விதத்தைப் பார்த்தே கோயிலின் காலத்தைச் சொல்லிவிடலாம் என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்து 1914இல் புத்தகம் போட்டார். போதிகையில் அலை அலையாக மடிப்பு ஓடினால் பல்லவர். சரிவாக வெட்டி, நடுவில் ஒரு கட்டை துருத்திக்கொண்டிருந்தால் சோழர். நுனி நீண்டு பூமொட்டாகத் தொங்கினால் விஜயநகரம். வளைந்த கூரை விளிம்பான கபோதத்துக் கூடுகளிலும் அப்படித்தான்: உச்சியில் மண்வெட்டி மாதிரி தட்டையாக இருந்தால் பல்லவர், சிங்கமுகம் உட்கார்ந்திருந்தால் சோழர். இவ்வளவு சுலபமாக முடிந்தால் நாங்கள் எதற்குச் சண்டை போடுகிறோம்? முற்காலச் சோழர் போதிகையிலும் அலை வரும். பழைய தூணைப் பிடுங்கிப் புது மண்டபத்தில் நட்டிருப்பார்கள். மேலே பத்துத் தலைமுறை எண்ணெயும் சுண்ணாம்பும் இருக்கும். ஆகவே ஒரு தூணுக்கு நான்கு பேரும் நான்கு நூற்றாண்டு சொல்வோம். ஆவடி ஸ்டேஷன் பக்கத்தில் பொங்கல் வடை சாப்பிடும்போது, வடையைக் கவிழ்த்துப் போட்டு அதில் அலையைக் காட்டிக்கூட வாதாடியிருக்கிறோம்.

கோயிலோடு நின்றிருந்தால் வீட்டில் பொறுத்துக்கொண்டிருப்பார்கள். நான் வீட்டையும் விடவில்லை. விமானத்துக்கு ஆறு அங்கம்: அதிட்டானம், சுவர், கூரைவரிசை, கழுத்து, சிகரம், கலசம். அம்பத்தூரில் 1996இல் நாங்கள் வீடு கட்டியபோது ரோட்டிலிருந்து மூன்று படி ஏறி உள்ளே போவோம். ரோடு போட்டார்கள், அதன் மேலேயே மறுபடி போட்டார்கள், அதன் மேலும் போட்டார்கள். இப்போது ரோட்டிலிருந்து ஒரு படி இறங்கி வீட்டுக்குள் வருகிறோம். கோயில்களில் தரையை உயர்த்திக் கல்வெட்டோடு அதிட்டானத்தைப் புதைத்துவிடுவார்கள் என்று வங்கிக்காரர் கண்கலங்கச் சொல்வாரே, அதேதான். “நம்ம அதிட்டானம் புதைஞ்சு போச்சு” என்று நானும் கண்கலங்கினேன். “2015லேயே முழங்கால் தண்ணி வந்தப்போ தெரியலையா?” என்றாள் மனைவி.

திருமுல்லைவாயில் கதையைச் சொல்லாமல் தாண்ட ஆசைதான். ஆனால் அவளே யாரிடமாவது சொல்லிவிடுவாள். மாசிலாமணீசுவரர் கோயிலில் கருவறைக்கு முன்னால் இரண்டு தூண்கள். வெள்ளெருக்கால் ஆனவை, குறும்பர் கோட்டையை வென்று தொண்டைமான் கொண்டு வந்து நட்டவை என்பது தல புராணம். எருக்கஞ்செடி அத்தனை பெரிதாகுமா என்பது டேங்க் ஃபேக்டரிக்காரரின் கேள்வி. அந்தக் கோயிலில் நந்தி சுவாமிக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்திருக்கும். சுவாமி மேல் வருஷம் முழுக்கச் சந்தனக் காப்பு. முல்லைக்கொடியை வெட்டியபோது வாள் பட்ட காயத்துக்கு மருந்து என்பார்கள். சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அந்தச் சந்தனத்தைக் களைவார்கள். ஒரு வருஷம் மனைவியோடு போய் இரண்டரை மணி நேரம் வரிசையில் நின்றேன். வியர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது. சந்நிதிக்கு எதிரே வந்து சேர்ந்தபோது எனக்குக் கிடைத்தது பத்து நொடி. அந்தப் பத்து நொடியும் தூணைப் பார்த்துவிட்டேன். “நகருங்க, நகருங்க” என்று தள்ளிவிட்டார்கள். வெளியே வந்ததும் “காப்பில்லாம சாமி எப்படி இருந்தார் பார்த்தீங்களா?” என்று கேட்டாள். இடப்பக்கத் தூணைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். நந்தியைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வீடு வரும்வரை திரும்பவில்லை.

பிராயச்சித்தமாக எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். (வேறு யாராவது தி.நகர் கூட்டிப் போயிருப்பார்கள்.) செப்புத்திருமேனிக் கூடத்தில் திருவாலங்காட்டு நடராசருக்கு முன்னால் நிறுத்தி, நாளெல்லாம் ஒத்திகை பார்த்ததை ஒப்பித்தேன். ரொதான் என்று பிரான்சில் பெரிய சிற்பி. சென்னை மியூசியத்து நடராசரின் போட்டோக்களைப் பார்த்து மயங்கி 1913இல் கட்டுரை எழுதினார். அது அச்சில் வந்தது 1921இல், அவர் இறந்து நாலு வருஷம் கழித்து.

“போட்டோவைப் பார்த்தா? நேர்ல வரவே இல்லையா?”

“இல்லை.”

“பார்க்காமலேயே பக்கம் பக்கமாப் பேசினாரா? உங்க பார்ட்டியில சேர்த்துக்கலாம்.”

அப்புறம் அவள் நடராசரைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். நான் அதுவரை அந்தச் சிலைக்குப் பின்பக்கம் உண்டு என்று யோசித்ததில்லை. அடுத்தடுத்த கண்ணாடிப் பெட்டிகளிலிருந்த அம்மன்களையும் அப்படியே சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “இவங்க மூணு பேரும் ஒரு காலம். அவங்க அப்புறம் வந்தவங்க” என்றாள். பலகையைப் படித்தேன். சரியாகத்தான் சொன்னாள். எப்படி என்று கேட்டேன். “புடவை மடிப்பு இவங்களுக்கு உடம்போட ஒட்டிக் கிடக்கு. அவங்களுக்குக் கோடு போட்ட மாதிரி விறைப்பா நிக்குது. மூக்கும் கூர்மையா ஆயிடுச்சு.” இதில் நான் ஆச்சரியப்பட்டிருக்கக் கூடாது. கல்யாண ஆல்பத்தில் யார் முகத்தையும் பார்க்காமல் ரவிக்கைக் கையின் நீளத்தையும் ஜரிகை அகலத்தையும் வைத்தே வருஷம் சொல்கிறவள் அவள். துப்ரேய் போதிகையில் செய்ததை எங்கள் வீட்டில் முப்பது வருஷமாக பஃப் கையில் செய்துகொண்டிருக்கிறார்கள்.

அடுத்த ஞாயிறு, பாடி. எங்கள் தலைப்பு கருவறையின் பின்பக்கம். திருவலிதாயத்து விமானம் சதுரமில்லை. முன்னால் நேராக வந்து, பின்னால் வளைந்து முடியும். கஜப்பிருஷ்டம், யானையின் பின்புறம். தமிழில் தூங்கானை மாடம். பெண்ணாடத்துக் கோயிலுக்கே அதுதான் பெயர். பௌத்த சைத்தியத்தின் வடிவம் என்றார் வங்கிக்காரர். அதற்கும் முன்னால் மரத்திலும் கூரையிலும் வந்ததுதான், கல்லில் பிறகு செய்தார்கள் என்றேன் நான். மாமல்லபுரத்துச் சகதேவ ரதத்தையும், அதன் பக்கத்திலேயே பல்லவன் நிஜமாகவே ஒரு யானையைச் செதுக்கி நிறுத்திய குறும்பையும் டாக்டர் சொன்னார். டேப் வெளியே வந்துவிட்டது. நாற்பது நிமிஷம்.

அதற்குள் மூன்று சுற்று முடித்துவிட்ட என் மனைவி, விபூதியை மடித்துக்கொண்டே நின்றாள். “இங்க பின்னாடி மூலை வராது. சுத்தி வந்தா காலுக்கே தெரியுமே. திருவொற்றியூர்லயும் இதே மாதிரிதான்.”

அமைதி. டேப் ‘சரக்’கென்று உள்ளே போனது.

பௌர்ணமி வெள்ளிக்கிழமையோடு சேர்ந்தால் அவள் காலையில் மேலூர் திருவுடையம்மன், மதியம் திருவொற்றியூர் வடிவுடையம்மன், சாயங்காலம் திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என்று ஒரே நாளில் மூவரையும் பார்த்துவிட்டு வருவாள். மாடி போல இதுவும் எனக்குச் செய்தியாகத்தான் தெரியும். வங்கிக்காரர் அடக்கமாட்டாமல், “ஆமாம்மா! திருவொற்றியூர் விமானம் ராஜேந்திர சோழன் காலத்துல கருங்கல்லில் எடுத்தது. கட்டின தச்சன் பேரே கல்வெட்டுல இருக்கு. ரவி என்கிற வீரசோழத் தச்சன்” என்றார்.

“ஆயிரம் வருஷம் ஆகியும் பேர் இருக்கா?” என்று வியந்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “நம்ம வீட்டைக் கட்டின மேஸ்திரி பேர் என்னங்க?”

நான் கலசத்தைப் பார்த்தேன்.

அன்றோடு என் கதை முடிந்தது. வங்கிக்காரர் என் போனுக்குக் கூப்பிட்டு “அம்மாகிட்ட குடுங்க சார்” என்கிறார். டாக்டர் அவளிடம் அம்மன் நகைகளைப் பற்றிச் சந்தேகம் கேட்கிறார். போன பௌர்ணமி வெள்ளிக்கு மூன்று அம்மன்களையும் பார்க்க வேன் ஏற்பாடானது. டேங்க் ஃபேக்டரிக்காரர் எண்ணிப் பார்த்துவிட்டு, குடும்பங்களோடு போவதால் ஒரு சீட்டு குறைகிறது என்றார். அந்த ஒன்று நான்தான் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எங்கள் கூட்டத்தில் ஏகமனதாக முடிந்த முதல் விஷயம் அதுதான். “நல்லதாப் போச்சு. காலையில கொத்தனார் வரார். இருந்து பார்த்துக்குங்க” என்றாள். கணக்கு நோட்டில் எழுதி வைத்திருந்த பழைய நம்பரைத் தேடி, அந்த மேஸ்திரியின் மகனையே பிடித்திருக்கிறாள்.

வந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். மாடிக்கு நேரே போகவில்லை. கீழ்வீட்டுச் சுவரில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். சன்ஷேடுக்கு அடியில் குனிந்து, தண்ணீர் சுவரில் வழியாமல் சொட்டுவதற்காக வெட்டிய காடியை விரலால் ஓட்டிப் பார்த்தார். நான் கபோதத்தைப் பற்றி ஒரு வாக்கியம் ஆரம்பித்தேன். அவர் காதில் விழவில்லை.

“இது அப்பா கை சார். மூலையில பாருங்க, கரண்டியை இப்படித் திருப்பி முடிப்பாரு. ஆத்து மணல். இன்னும் ஒரு பொரிஞ்சல் இல்ல.” மேலே ஏறிப் பூச்சை நகத்தால் சுரண்டினார். மாவாக உதிர்ந்தது. “இது எம்-சாண்ட். பத்து வருஷத்துக்குள்ளதான். இது வேற கை. காடியே வெட்டல பாருங்க. யாரு சார் கட்டினது?”

2018இல் மாடி எடுத்தபோது நான் தினமும் டீ வாங்கிக் கொடுத்தேன். பெயர் கேட்கவில்லை.

மூலையையும் காடியையும் போட்டோ எடுத்து, ‘ஒரே கட்டடம், இரண்டு கை, இரண்டு காலம்’ என்று எழுதித் தூண் பார்ட்டிக்கு அனுப்பினேன். திருவொற்றியூரிலிருந்து டாக்டரும் வங்கிக்காரரும் கைதட்டல் பொம்மைகளை அனுப்பினார்கள். மூன்றாவதாக வந்தது மனைவியின் பதில்.

“மேஸ்திரி பேரைக் கேட்டு எழுதிக்குங்க. அட்வான்ஸ் அஞ்சாயிரம் அரிசி டப்பாவுக்குப் பின்னாடி இருக்கு.”